தலை முன்னாடியா, கால் முன்னாடியா

தூக்குவதற்கு இருபது பேர் இருந்தோம். படுப்பதற்கு ஒருவர் இல்லை. பயிற்சி அங்கேதான் நின்றது.

நான் அபிராமபுரத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டு வாசலில் இஸ்திரி வண்டி போட்டிருக்கிறேன். எங்கள் தெரு பள்ளம். மழை பெய்தால் மற்ற தெருத் தண்ணீரெல்லாம் எங்கள் தெருவுக்கு வந்துதான் உட்காரும். முன்பு வந்த பெரிய வெள்ளத்தில் கீழ் வீடுகளில் இடுப்பளவு நின்றது. படகு வர இரண்டு நாள் ஆனது. அதனால் தெருக்காரர்களே தெருக்காரர்களைக் காப்பாற்றக் கற்றுக் கொடுக்கிறோம் என்று ஓர் அமைப்பு வந்தது. நாலு ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணி. கார் நிறுத்தும் இடத்தில்.

என் பெயரை நான் கொடுக்கவில்லை. வீட்டுச் சங்கச் செயலாளர் கொடுத்தார். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். தெற்கத்திக்காரர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

"நீ எப்பவும் வாசல்லதானே நிக்கே. வெள்ளம் வந்தா முதல்ல உனக்குத்தான் தெரியும்" என்றார்.

"தெரிஞ்சா ஓடிருவேன் அண்ணாச்சி."

"ஓடும்போது ஒரு விசில் ஊதிட்டு ஓடு."

ஆளுக்கு ஒரு விசில் கொடுத்தார்கள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேல்சட்டை கொடுத்தார்கள். எல்லாம் கசங்கி இருந்தது. தேய்த்துத் தருகிறேன் என்று வாங்கிப்போனேன். நைலான் துணி. முதல் சட்டை பெட்டியில் ஒட்டிக்கொண்டது. மீதியைத் தேய்க்கவில்லை. ஒட்டினதை மடித்து அண்ணாச்சிக்குக் கொடுத்தேன்.

சொல்லிக் கொடுக்க வந்தவர் தீயணைப்பில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். மைக் கொடுத்தால் வேண்டாம் என்பார். அவர் பேசினால் மூன்றாவது மாடியில் குழந்தை எழுந்துவிடும்.

முதல் ஞாயிறு, யார் யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று பட்டியல் கேட்டார். அண்ணாச்சி ஒரு பட்டியலை நீட்டினார். அதில் இருந்தது வீட்டுச் சொந்தக்காரர்கள் பெயர். பாதிப் பேர் அமெரிக்காவில்.

"அமெரிக்காவுல இருக்கறவங்களை நாம காப்பாத்த வேண்டாம் சார். இங்க யார் இருக்காங்க?"

யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஆள் பெயர் தெரியாது. துணி தெரியும். தெரிந்ததைச் சொன்னேன். மூன்றாவது மாடி முன்பக்கம், பெரிய சட்டை ரெண்டு, பள்ளிக்கூட யூனிபாரம் ஒன்று. அவர்களே ஓடிவிடுவார்கள். பின்பக்கம் பருத்திப் புடவை மட்டும். தனி ஆள். முட்டி வலி.

"முட்டி வலி துணியில எப்படிய்யா தெரியும்?"

"தைல வாசனை வரும் சார்."

எழுதிக்கொண்டார். கீழ் வீட்டுக்கு வந்தேன். பேண்ட் வருவது நின்று இரண்டு வருஷம் ஆகிறது. பிறகு வேட்டி வந்தது. இப்போது அதுவும் இல்லை. படுக்கைதான் என்றேன்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மாமி எழுந்தார். கீழ் வீடு அவருடையது.

"ஆமாம். எங்காத்து மாமாதான்" என்றார். "போன வெள்ளத்துல அவர் நடந்துண்டிருந்தார். கையைப் பிடிச்சுண்டு மாடிக்கு அழைச்சுண்டு போனேன். இப்போ அவரால எழுந்துக்க முடியாது, என்னால தூக்க முடியாது. தண்ணி வந்தா அவரை மாடிக்குக் கொண்டு போகணும். அதுக்காகத்தான் வந்திருக்கேன். மத்ததெல்லாம் எனக்குச் சொல்லித் தர வேண்டாம்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பயிற்சியாளர் கீழ் வீட்டைச் சிவப்பு மையில் வட்டம் போட்டார். அதற்குப் பிறகு மூக்குக் கட்டு, கைக் கட்டு என்று என்னென்னவோ நடந்தது. மாமி எதையும் பார்க்கவில்லை. எங்களுக்கும் அந்த ஒரு வேலைதான் என்று ஆகிவிட்டது.

மாமா வங்கியில் பெரிய பதவியில் இருந்தவர். பக்கவாதத்தில் ஒரு பக்கம் போயிற்று. பேச்சும் போயிற்று. எப்போதாவது ஒரு சொல் வரும்.

இரண்டாவது ஞாயிற்றுக்கு இரண்டு மூங்கில் கழியும் ஒரு கனத்த போர்வையும் பயிற்சியாளர் கேட்டிருந்தார். போர்வை நான் கொண்டுவந்தேன். இஸ்திரிப் பலகையில் விரிக்கும் கம்பளி. ஏழெட்டு இடத்தில் பொசுங்கல் இருக்கும். கனம் தாங்கும். கழி கொண்டுவருகிறேன் என்றவர் ஆட்டோக்காரர். என் வண்டிக்குப் பக்கத்தில் ஆட்டோ நிறுத்துகிறவர். எங்கள் இருவருக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

அவர் இரண்டு பச்சை மூங்கிலோடு வந்தார். கூடவே ஒரு கட்டு கயிறு. ஒரு மண்சட்டி.

பயிற்சியாளர் சட்டியைப் பார்த்தார். "இது எதுக்கு?"

"ஞாயித்துக்கெழம காலைல மூங்கில் எவன் சார் குடுப்பான்? மயிலாப்பூர்ல ஒரே ஒரு கடைதான் தொறந்து கீது. ரெண்டு கழி குடுன்னேன். எத்தினி மணிக்கு எடுக்கறீங்கன்னான். ஏழு மணிக்குன்னேன். சட்டியும் கயிறும் அவனே கட்டிக் குடுத்துட்டான். ஆளுக்கு இன்னா வயசுன்னு வேற கேட்டான்."

"நீ என்ன சொன்னே?"

"ஆளு இன்னும் முடிவாவல, அங்க போய்த்தான் முடிவு பண்ணுவாங்கன்னேன். ஒரு மாதிரி பாத்தான் சார்."

பயிற்சியாளர் சட்டியை ஒரு காருக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தார். கம்பளியை விரித்தார். கழிகளைப் போட்டு மடித்தார். தூக்குபடுக்கை ஆயிற்று. அதற்குப் பக்கத்தில் நின்றவர்கள் தள்ளி நின்றார்கள்.

"யாராவது ஒருத்தர் படுங்க."

அண்ணாச்சி நெஞ்சைத் தடவிக்கொண்டார். "எனக்கு பி.பி. இருக்கு."

"படுக்கறதுக்கு பி.பி. ஒண்ணும் பண்ணாது சார்."

"எவனாவது பாத்துட்டு ஊருக்குப் போன் போட்டுட்டான்னா? சாயங்காலத்துக்குள்ள மூணு பஸ் நிறைய சொந்தக்காரங்க வந்து இறங்கிருவாங்க. யார் சோறு போட?"

ஆட்டோக்காரர் மேலே கையைக் காட்டினார். எதிர்மாடியில் அவர் சம்சாரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தது. "அது பாத்துகினே கீது சார். நான் இதுல படுத்தேன்னா நேரா எறங்கி வந்து ஒப்பாரி வெச்சிடும். அது ஆரம்பிச்சா நிறுத்தாது."

எதிரே தையல் கடை வைத்திருக்கும் பாய் வந்திருந்தார். அவரிடம் போனார் பயிற்சியாளர்.

"தூக்கறதுக்கு நான் ரெடி சார்" என்றார் பாய். "படுக்கறதுக்கு, அல்லா கூப்புடட்டும்."

நான் படுத்தேன். காலை ஐந்து மணியிலிருந்து நின்றுகொண்டிருந்தேன். படுக்கச் சொன்னால் படுக்கலாம்.

நாலு பேர் தூக்கினார்கள். தலைப் பக்கம் அண்ணாச்சியும் பாயும். கால் பக்கம் ஆட்டோக்காரரும் இன்னொருவரும். அந்த இடத்தின் மேற்கூரையை நான் அன்றுதான் பார்த்தேன். ஒரு குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. என் கால் வாசலைப் பார்த்து இருந்தது. "நட" என்றார் பயிற்சியாளர். நடந்தார்கள்.

"நிறுத்துங்கோ" என்றார் மாமி. "கால் முன்னாடி போறது."

"அப்படித்தாம்மா போகணும். தலைப் பக்கம் தூக்கறவர் முகத்தைப் பாத்துகிட்டே வரணும். மூச்சு இருக்கான்னு கவனிக்கணும்."

"காலை முன்னாடி வெச்சுண்டு வாசலைத் தாண்டினப்புறம் மூச்சைக் கவனிச்சு என்ன ஆகப்போறது?"

இருபது பேரில் பதினெட்டுப் பேர் மாமி பக்கம் சேர்ந்தார்கள். என்னைத் திருப்பினார்கள். பயிற்சியாளர் மறுபடி திருப்பச் சொன்னார். மாமி மறுபடி நிறுத்தச் சொன்னார். தேர் திரும்புகிற முனை மாதிரி மூன்று சுற்று சுற்றினேன். எனக்குக் கிறுகிறுத்தது. சொல்லவில்லை. நோயாளி பேசக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

"சார், குறுக்கால போய்டலாம்" என்றார் ஆட்டோக்காரர். "தலையும் முன்னாடி இல்ல, காலும் முன்னாடி இல்ல. ரெண்டு பேருக்கும் வம்பு வேணாம்."

குறுக்காகப் போனார்கள். வாசல் கதவு அகலம் போதவில்லை. கழியின் ஒரு முனை இந்தத் தூணில், மறுமுனை அந்தத் தூணில். மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

அந்த நேரம் தெருவில் ஸ்கூட்டரில் போன ஒருவர் எங்களைப் பார்த்து வண்டியை ஓரம் கட்டினார். ஹெல்மெட்டைக் கழற்றினார். செருப்பைக் கழற்றினார். கண்ணை மூடிக் கைகூப்பினார். பெரிய மனுஷர். மரியாதைக்கு நானும் கைகூப்பினேன். அவர் கண்ணைத் திறந்தார். வண்டியை அப்படியே விட்டுவிட்டு நடந்து போனார். வேகமாக. அரைமணி கழித்து வேறு ஆளை அனுப்பி வண்டியை எடுத்துக்கொண்டார்.

அதற்குள் கம்பளி கழியை விட்டு நழுவி நான் கீழே விழுந்திருந்தேன். அடி இல்லை.

மாமி என்னிடம் வந்து நின்றார். "உனக்கு ஒண்ணும் இல்லையேப்பா?"

"இல்ல மாமி."

"ரெட்டை மூங்கில், நாலு பேர், கால் முன்னாடி. இப்படி எங்காத்து மாமாவைத் தூக்க விடமாட்டேன். இதுக்கு அந்தத் தண்ணியே தேவலை. நாங்க ரெண்டு பேரும் கட்டில்லயே இருந்துக்கறோம்."

வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பாய் கம்பளியை எடுத்துக்கொண்டு போனார். இரண்டு ஓரத்தையும் மடித்துக் கழி நுழையும்படி இரட்டைத் தையல் போட்டுக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு அது நழுவவில்லை.

மூன்றாவது ஞாயிறு பயிற்சியாளர் பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்தார். படுக்க வேண்டாம், உட்கார வைத்தே தூக்கலாம் என்றார். நான் போய் மாமியை அழைத்துவந்தேன். அவர் நாற்காலியைச் சுற்றிவந்து பார்த்தார்.

"இது பரவாயில்லை. ஸ்வாமி புறப்பாடு மாதிரி இருக்கு."

"இன்னா மாமி புறப்பாடு" என்றார் ஆட்டோக்காரர். "எங்க ஆயாவ இப்டித்தான் உக்கார வெச்சு எடுத்தோம். மாலையெல்லாம் போட்டு."

பயிற்சியாளர் அவரைப் பார்த்த பார்வையில் ஆட்டோக்காரர் என் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

இந்த முறை அண்ணாச்சி நோயாளியாக முன்வந்தார். உட்கார்ந்துதானே என்றார். தூக்கினோம். இரண்டு படி ஏறினோம். நாற்காலியின் பின்கால் ஒன்று பிளந்தது. அண்ணாச்சி என் மேல் வந்தார். நான் பாய் மேல் போனேன். அண்ணாச்சி நல்ல எடை. மாமா அவ்வளவு இல்லை. ஆனால் மாமா உட்கார வைத்தால் சரிந்துவிடுவார், கட்டினாலும் தலை நிற்காது என்று மாமி அப்போதுதான் சொன்னார். நாற்காலி முடிந்தது.

கடைசி ஞாயிறு பயிற்சியாளர் மாமி வீட்டுக்குள்ளேயே போய்விட்டார். நாங்களும் போனோம். மாமா கட்டிலில் படுத்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

"இங்க பாருங்கம்மா. மாடிப்படி ஏறும்போது தலைதான் முன்னாடி. அதுதான் சட்டம். உங்களுக்கும் அதுதான் வேணும். நமக்குள்ள சண்டையே இல்ல."

"கட்டில்லேர்ந்து படி வரைக்கும்?"

பயிற்சியாளர் அறையைப் பார்த்தார். சின்ன அறை. கட்டிலின் தலைப் பக்கம் தெற்குச் சுவரில். கால் பக்கம் கதவைப் பார்த்து. கழியோடு உள்ளே திரும்ப இடம் இல்லை. வெளியே வந்துதான் திருப்ப முடியும். ஆட்டோக்காரர் அடி வைத்து அளந்தார்.

"இருபது அடி சார். நிலைவாசலோட சேத்து."

"அந்த இருபது அடிதான் உதைக்கறது" என்றார் மாமி.

"கட்டிலைத் திருப்பிப் போட்டுருங்கம்மா. தலை கதவுப் பக்கம் வந்துரும்."

"வடக்கே தலை வெக்கச் சொல்றேளா?"

பயிற்சியாளர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "தண்ணி தெற்கு வடக்கு பாத்துட்டு வராதும்மா."

"அது பாக்காது. நான் பாக்கணுமே."

அன்று சான்றிதழ் கொடுத்தார்கள். எங்கள் படம் எடுத்தார்கள். கீழ் வீட்டுச் சிவப்பு வட்டம் அப்படியே இருந்தது. போகும்போது பயிற்சியாளர் என் தோளில் கை வைத்தார். "எப்படியாவது சம்மதிக்க வைய்யா" என்றார். நான் சம்மதிக்க வைக்கிற ஆள் இல்லை. தினமும் துணி வாங்கப் போகும்போது, "என்ன மாமி?" என்பேன். "அப்படியேதான்" என்பார். துணி வாங்கிக்கொண்டு வருவேன்.

கார்த்திகையில் புயல் என்றார்கள். இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குத் தெருமுனையில் சாக்கடை மூடி தூக்கிக்கொண்டு தண்ணீர் பொங்கியது. நான் வண்டியை மரத்தில் கட்டினேன். விசில் ஊதினேன். எதிர்வீட்டு நாய் வந்தது. மறுபடி ஊதினேன். ஆட்டோக்காரரும் பாயும் வந்தார்கள். அண்ணாச்சி முதல் மாடியிலிருந்து மேல்சட்டையோடு இறங்கி வந்தார். இருபது பேரில் நாலு பேர். மற்றவர்கள் அவரவர் வீட்டுத் தண்ணீரில் இருந்தார்கள்.

அண்ணாச்சி பயிற்சியாளருக்குப் போன் போட்டார். அவர் வீட்டிலும் தண்ணீர். தள்ளி நின்ற எங்கள் மூன்று பேருக்கும் அவர் குரல் கேட்டது.

"நீங்களே பாத்துக்குங்க சார். அதுக்குத்தானே நாலு வாரம் கத்தினேன்."

கம்பளியையும் கழியையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனோம். தண்ணீர் கணுக்கால் தாண்டியிருந்தது. மாமி கட்டிலில் மாமாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். மடியில் மருந்துப் பெட்டி.

"மாமி, ஏறிக்கினே கீது" என்றார் ஆட்டோக்காரர். "தலையா காலா, சீக்கிரம் சொல்லு."

"நான்தான் சொல்லிட்டேனே."

"அம்மா, இது சமயம் இல்ல" என்றார் அண்ணாச்சி. "எங்க வீட்ல கட்டில் போட்டு வெச்சிருக்கேன். கட்டிலைத் திருப்பட்டுமா?"

"கழியை வெட்டிடலாமா?" என்றார் பாய்.

"ஜன்னல் கம்பிய எடுத்துட்டா?" என்றார் ஆட்டோக்காரர்.

"ஜன்னல் வழியா எடுக்கறதா? அது அதைவிட மோசம்" என்றார் மாமி.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். தண்ணீர் முட்டிக்குக் கீழ் வரை ஏறியிருந்தது. மருந்துப் பெட்டி கடகடவென்று சத்தம் போட்டது.

"அசடு" என்றது ஒரு குரல்.

மாமா. எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியையா, அண்ணாச்சியையா, எல்லோரையுமா, தெரியவில்லை. மறுபடி சொன்னார். "அசடு." குழறாமல், சுத்தமாக வந்தது. வங்கியில் நிறையப் பேரைச் சொல்லியிருப்பார் போல.

மாமி அவர் முகத்தையே பார்த்தார். பிறகு எழுந்து தண்ணீரில் இறங்கினார். புடவையைத் தூக்கிச் செருகினார்.

"பேசிண்டு போறவாளை யாரும் அந்த மாதிரி நினைச்சுக்க முடியாது" என்றார். "தூக்குங்கோ. கால் முன்னாடியே போகட்டும்." மாமாவிடம் குனிந்தார். "ஏன்னா, நீங்க பேசிண்டே வரணும். வாசல் தாண்டற வரைக்கும் நிறுத்தப்படாது."

தூக்கினோம். நானும் ஆட்டோக்காரரும் கால் பக்கம். அண்ணாச்சியும் பாயும் தலைப் பக்கம். முகத்தைப் பார்த்துக்கொண்டே வரவேண்டும் என்று சட்டம். அண்ணாச்சி பார்த்தார்.

"அசடு" என்றார் மாமா அண்ணாச்சியிடம்.

"சரிங்க ஐயா" என்றார் அண்ணாச்சி.

"அசடு."

"ஆமாங்க ஐயா."

நிலைவாசல் வந்தது. மாமி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சொல்லுங்கோ, சொல்லுங்கோ." மாமா இரண்டு முறை சேர்த்துச் சொன்னார். வெளியே வந்து திருப்பினோம். பிறகு தலை முன்னாடி படியேறினோம். ஏறும்போது பேச வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் அவர் நிறுத்தவில்லை. சங்கத்துக்கு இத்தனை வருஷம் கட்டின சந்தாவுக்கெல்லாம் சேர்த்துத் திட்டுகிறார் என்றார் ஆட்டோக்காரர். அண்ணாச்சிக்கு வேர்த்துக்கொண்டிருந்தது. மழையிலும் தெரிந்தது.

தண்ணீர் வடிய நாலு நாள் ஆனது. கீழ் வீட்டைக் கழுவிக் காயவைக்க இன்னும் இரண்டு நாள். அதுவரை மாமாவும் மாமியும் அண்ணாச்சி வீட்டில் இருந்தார்கள். அண்ணாச்சி வீட்டம்மா தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதி வைத்தார். ரசம் சாதம் தவிர ஒன்றும் இறங்காத மாமா அதை மூன்று வேளையும் கேட்டாராம். கேட்டார் என்றால், வாயைத் திறந்து காட்டினார். தினமும் சாயங்காலம் அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்து கடைக் கதை சொன்னார். மாமா கேட்டுக்கொண்டிருந்தார்.

ஏழாம் நாள் இறக்கப் போனோம். அதே நாலு பேர், அதே கம்பளி. இறங்கும்போது கால்தான் முன்னாடி. கடைசிப் படி வரைக்கும். மாமாவைக் கம்பளிக்கு மாற்றினதும் மாமி அவர் காதருகே குனிந்தார்.

"பேசிண்டே வாங்கோ."

மாமா பேசவில்லை.

"ஏதாவது சொல்லுங்கோன்னா."

மாமா அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி தலைப் பக்கம் கழியைப் பிடித்துக்கொண்டு, திட்டு வாங்கத் தயாராகக் குனிந்து நின்றார். மாமா வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். ஆறு நாள் சோறு போட்டவரை எப்படித் திட்டுவது என்று நினைத்தாரோ என்னவோ.

"திட்டுங்க ஐயா" என்றார் அண்ணாச்சி. "நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

மாமா தலையை ஆட்டினார். மாட்டேன் என்று.

முதல் படியில் நின்றோம். கை வலித்தது. மாமி நகரவில்லை. "பேசாம இறங்கக்கூடாது" என்றார்.

"மாமா, என்னைத் திட்டு. நான் ஒண்ணும் சோறு போடலியே" என்றார் ஆட்டோக்காரர். மாமா அவரைப் பார்த்துச் சிரித்தார்.

நான் கால் பக்கம் பிடித்திருந்தேன். இரண்டு காலில் உணர்ச்சி இருக்கிற கால் எது என்று எனக்குத் தெரியும். அதைக் கைப்பிடிச் சுவரில் இடித்தேன். லேசாகத்தான்.

மாமா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"அசடு" என்றார்.

"இறங்குங்கோ" என்றார் மாமி.